அறுபத்தெட்டாம் நம்பர் எண்ணெய்

4-9, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். கொடியில் காயப்போட்ட வேட்டியில் சாம்பல். பாக்கியம் இரண்டாம் தடவை அலசிப் போட்டாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம், இன்னும் அந்தப் புகைபோக்கிகளோடு அவளுக்குச் சண்டை தீரவில்லை. "எங்க சங்கரன்கோவில்ல வானத்துலேர்ந்து வெயில் மட்டும்தான் விழும்" என்கிறாள்.

இன்று செய்ய நினைத்தவை: மண்ணெண்ணெய் க்யூ. சைக்கிள் பின் டயர். குவார்ட்டர்ஸ் குழாய் ஒழுகுவதற்கு மூன்றாம் புகார். அண்ணனுக்குக் கடிதம்.

ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணிக்கு ராமலிங்கம் வந்துவிட்டார். சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் அவர் ஊர். அவர் நிலத்தில் பாதி, நான் ஹைட்ராலிக் வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸுக்குப் போயிற்று. அந்தச் சமயம் எங்கள் பம்ப் ஷெட் அவர் வரப்பை ஒட்டி இருந்தது. இளநீர் கொடுத்த பழக்கம். நஷ்டஈடாக வந்ததைக் கரைய விடாமல் டிராக்டராக வாங்கி நிறுத்திவிட்டார். இரண்டு வருஷமாக அந்த வண்டிதான் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. மீதி நிலத்துக்கும் அதுதான், ஊராருக்கு வாடகை உழவுக்கும் அதுதான்.

பழைய டானிக் பாட்டிலில் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். பால் அதிகம் விட்ட காப்பி நிறம். பார்த்ததுமே தெரிந்தது, தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்று உழவில் எங்கேயோ புகுந்திருக்கும்.

"லிப்ட் தூக்க மாட்டேங்குது சார். கலப்பை பாதி ஏறுது, அப்படியே ஒக்காந்துடுது. ஊர்ல நாத்து வுட்டுட்டு எல்லாம் எங்க வண்டிக்குத்தான் காத்துகினு இருக்காங்க."

"பழசை வடிச்சிட்டுப் புதுசு ஊத்தணும். அவ்வளவுதான்."

"இன்னா ஆயிலுங்க?"

"அறுபத்தெட்டாம் நம்பர் ஹைட்ராலிக் ஆயில். மைன்ஸ்ல அம்புட்டு மிஷினும் அதுலதான் ஓடுது."

யோசிக்கவே இல்லை. ஊர்ப்பெயர் கேட்டால் சொல்வது போல் வாயில் வந்தது. மைன்ஸ் எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது, விருத்தாசலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து மேலே தட்டிக்கொண்டார். அடுத்த ஞாயிறு நானே வந்து ஊற்றித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

அவர் போனதும் பாக்கியம்: "டாக்டர் சீட்டு எழுதியாச்சா?"

7-9

ஜெனரல் ஷிப்ட். பெரிய மிஷினில் ஹோஸ் வெடித்து எண்ணெய் மழை. மூன்று பேர் குளித்துவிட்டோம். மாற்றி ஓட்டிவிட மதியம் ஆயிற்று. இன்ஜினியர் சிரித்துக்கொண்டே, "சண்முகம் இருக்கிற வரைக்கும் நமக்கு ஹைட்ராலிக் கவலை இல்லை" என்றார். வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. "முதல் தடவையே கேட்டுட்டேன்" என்றாள்.

டயர் மாற்றியாயிற்று. குழாய் அப்படியே.

11-9, ஞாயிறு

முதல் பஸ்ஸில் ராமலிங்கம் ஊர். வானம் மூட்டம், மழை இல்லை. களத்து ஓரம் வேப்பமரத்தடியில் வண்டி. உதவிக்கு டிரைவர் கொளஞ்சி. முப்பது வயது இருக்கும். அவன் அப்பா இவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவராம். இவன் லாரியில் கிளீனராகப் போய், டிரைவராகி, இப்போது இந்த வண்டி. பேச்சு குறைவு. கைவேலை சுத்தம்.

வடித்தது, டீசலில் கழுவியது, பில்டர் சுத்தம் செய்தது, புதிது ஊற்றியது. இருபத்தெட்டு லிட்டர் குடித்தது. சின்ன லிப்ட்டுக்கு இவ்வளவா என்று நினைத்தேன். தாராளமாகத் தொட்டி வைத்திருக்கிறார்கள்.

ராமலிங்கம், "வண்டியோட குடுத்த புக்கு இருக்குது சார், எடுக்கட்டுமா?" என்றார். சாமி மாடத்தில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறாராம். வண்டி வந்த அன்று பொட்டு வைத்து உள்ளே வைத்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் இறக்கிப் பூப் போட்டுத் திரும்ப வைப்பார்களாம். குளிக்காமல் தொடக் கூடாதென்று அவர் மனைவி உள்ளே இருந்து சொன்னது கேட்டது. கையெல்லாம் எண்ணெய். வேண்டாம் என்றேன். எனக்கெதற்குப் புத்தகம்.

கொளஞ்சிக்கு ஏதோ சந்தேகம். டின்னில் விரல் விட்டுத் தேய்த்துப் பார்த்தான். இவர்களுக்கு எண்ணெய் என்றால் பாகு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். ராமலிங்கம் ஒரு அதட்டல் போட்டார். சிரித்துவிட்டேன்.

லிப்ட்டைத் தூக்கிக் காட்டினேன். கலப்பை பூப் போல ஏறி நின்றது. களத்தில் நின்ற பத்து இருபது பேரும் ஓவென்றார்கள். சந்தோஷமாக இருந்தது. எழுதிவைத்தால் என்ன, யாரும் படிக்கப் போவதில்லை: ரொம்பவே சந்தோஷமாக இருந்தது. மதியம் கோழிக்குழம்பு. பஸ் ஏறும்வரை ராமலிங்கம் என் பையைத் தூக்கி வந்தார்.

20-9

ராமலிங்கம் ஆள் மூலம் ஒரு பறங்கிக்காய் அனுப்பியிருந்தார். பத்து கிலோ தேறும். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் கொடுத்தும் தீரவில்லை. வண்டி விடியலிலிருந்து இருட்டும் வரை சேற்றில் நிற்கிறதாம், லிப்ட் அருமையாம். "பின்னாடி கொஞ்சம் ஊளை வுடுது, அத மட்டும் சார்கிட்ட கேட்டுனு வரச் சொன்னாரு" என்றார் வந்தவர்.

புது எண்ணெய், போகப் போகச் சரியாகும் என்று சொல்லி அனுப்பினேன்.

கதம்பச் சாம்பார். அண்ணனுக்குக் கடிதம் போட்டாயிற்று. டவுன்ஷிப்பில் நல்ல இடி, பத்து நிமிஷ மழை.

27-9, செவ்வாய்

நான் வேலை முடிந்து வரும்போது ராமலிங்கம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் சேறு. பாக்கியம் உள்ளே வரச் சொல்லியும் வரவில்லையாம்.

வண்டி நேற்று நடு வயலில் நின்றுவிட்டது. படபடவென்று சத்தம், பிறகு நகரவில்லை. மாடு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். சேத்தியாத்தோப்பு மெக்கானிக் பிரித்துப் பார்த்து, பின்பக்கக் கியர் கூட்டுக்குள் பினியன் சக்கரத்தின் பல் போய்விட்டது என்றானாம். சாமான் கடலூரிலிருந்து வர வேண்டும். எத்தனை நாளோ. உழவு முடியாதவர்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள்.

"எல்லாம் அந்தக் கொளஞ்சி பயலால சார். லாரி ஓட்டற மாதிரி ஓட்டிகினு இருந்தான். கிளட்ச மிதிக்காம கியர் போட்டா பல்லு நிக்குமா? களத்துல வச்சு எல்லார் எதிரிலயும் கேட்டேன். கைய ஓங்கிட்டேன். 'என் சோத்த ஒடச்சுட்டியேடா'ன்னு. போடான்னு அனுப்பிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"இன்னா சொல்லுவான். எண்ணெய்னு ஏதோ ஆரம்பிச்சான். 'சார் வந்து ஊத்துன எண்ணெயவா சொல்றே'ன்னு ஓங்குனதுதான்."

மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

 

28-9

மழை. கரி சுமக்கும் பெல்ட் நின்றதால் எங்களுக்கும் சும்மா. பெரிய மிஷின் மேடையில் ஒதுங்கி நின்றபோது கண்ணில் பட்டது. பதினைந்து வருஷமாகத் தினம் பார்ப்பதுதான். கியர் பாக்ஸுக்குத் தனித் தொட்டி, மூடியில் சிவப்பு பெயிண்ட். ஹைட்ராலிக்குக்குத் தனித் தொட்டி, மஞ்சள். சிவப்புக்குக் கெட்டி எண்ணெய், மஞ்சளுக்கு அறுபத்தெட்டு. ஒன்றில் மற்றதை ஊற்றினால் மெமோ. புது ஆட்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது.

டிராக்டரில் எனக்கு ஒரு மூடிதானே கிடைத்தது? இரண்டாவது மூடி எங்கே?

இருபத்தெட்டு லிட்டர். கலப்பை தூக்குகிற ஒரு சிலிண்டருக்கு இருபத்தெட்டு லிட்டர் எதற்கு?

சோறு இறங்கவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே கொண்டுவந்தேன். 

2-10, ஞாயிறு

குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கோவிலுக்கா என்றாள் பாக்கியம். ராமலிங்கம் ஊருக்கு என்றேன்.

புத்தகம் வேண்டும் என்றேன். ராமலிங்கத்தின் மனைவி கை கழுவி, மாடத்திலிருந்து எடுத்து, துணி முடிச்சை அவிழ்த்தார். அட்டையில் சந்தனம் காய்ந்து பெயர்ந்தது. உள்ளே தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி, மை வாசனைகூடப் போகாமல் இருந்தன. யாரும் பிரித்ததே இல்லை.

நாற்பத்தோராம் பக்கம். கியருக்கும் லிப்ட்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே எண்ணெய். இரண்டுக்கும் சேர்த்துத் தயாரித்த டிராக்டர் எண்ணெய், பேர் போட்டு, கெட்டித்தனம் போட்டு. அதன் கீழே கட்டம் கட்டி: லிப்ட்டுக்கு மட்டுமான மெல்லிய ஹைட்ராலிக் எண்ணெயை ஊற்றாதே, கியர் பற்கள் அழியும். மூன்று தடவை படித்தேன்.

உடைந்த பினியனைக் கோணியில் போட்டு வைத்திருந்தார்கள். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கியரை முரட்டுத்தனமாகப் போட்டு உடைந்தால் பல்லின் ஓரம் சிதறும். அதுவும் இந்தப் பினியனில் படாது, முன்னால் உள்ள சக்கரங்களில்தான் படும். இது பல்லின் முகம் முழுக்கக் கீறல், சூடேறி நிறம் மாறி, பிறகு பெயர்ந்திருக்கிறது. எண்ணெய்ப் படலம் நிற்காமல் இரும்பும் இரும்பும் உரசியது. ஒன்றாம் வகுப்புப் பாடம்.

ராமலிங்கம், "இன்னா சார் போட்டுக்கிது?" என்று கேட்டார்.

"புக்கை எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

புத்தகம் ஆங்கிலம். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஐந்து வரி. பார்த்துவிட்டுச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. நான் ஒரு கோழை.

4-10

பாக்கியத்திடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"தெரியாமத்தானே செஞ்சீங்க."

"ஆமா."

"அப்ப தெரிஞ்சதும் சொல்லிர வேண்டியதுதானே."

அவளுக்கு எல்லாம் லேசு. செக்ஷனில் தெரிந்தால் என்ன ஆகும்? ஹைட்ராலிக் சண்முகம் ஒரு டிராக்டருக்கு எண்ணெய் ஊற்றத் தெரியாமல் கியரைத் தின்றுவிட்டார் என்று கேன்டீனில் ஒரு மாதம் ஓட்டுவார்கள். ராமலிங்கம் முகத்தில் எப்படி விழிப்பது? நிலம் எங்களுக்குக் கொடுத்தார், மிச்சமிருந்த வண்டியை நான் முடித்தேன்.

இவ்வளவும் எழுதியபின் பார்க்கிறேன், கொளஞ்சியின் பேரே இதில் இல்லை.

6-10, வியாழன்

மைன்ஸில் கொளஞ்சியைப் பார்த்தேன். பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை மண்வெட்டியால் வாரிப்போடும் கான்ட்ராக்ட் கும்பலில். தலையில் துண்டு, முகமெல்லாம் பழுப்புத் தூள். அடையாளம் தெரியாமல் கடந்துபோனேன். "வணக்கம் சார்" என்ற குரல்தான் நிறுத்தியது.

"இங்கே எப்போ வந்தே?"

"நாலு நாளாச்சுங்க. வண்டியில வேணாம்னுட்டாங்க. ஊர்ல வேற யாரும் ஸ்டேரிங்க் குடுக்க மாட்டேங்கறாங்க. பல்ல ஒடச்சவன்னு பேராயிடுச்சு."

குறை சொல்லும் குரலில் இல்லை. மழை பெய்தது என்று சொல்வது போல் சொன்னான். மேஸ்திரி கூப்பிட்டதும் போய்விட்டான். ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெல்ட் சத்தத்தில் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு வந்தேன்.

9-10, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ராமலிங்கம் வீட்டில், அவரும் நானும் மட்டும். புத்தகத்தைப் பிரித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பினியனைக் காட்டினேன். தப்பு என்னுடையது, கொளஞ்சிமேல் ஒன்றும் இல்லை என்றேன். 

அவர் நம்பவில்லை.

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கோபப்படுவார், வாசலைக் காட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குப் பெரிய மனசு சார். அந்தப் பயலுக்கு மறுபடி வேலை வாங்கிக் குடுக்கணும்னு உங்கமேல போட்டுக்கறீங்க. அம்மாம் பெரிய மிஷின ஓட்றவருக்கு எங்க வண்டி எண்ணெய் தெரியாதா?"

"தெரியலையே ராமலிங்கம். நெசமாச் சொல்றேன்."

"வுடுங்க சார். நடந்தது நடந்துபோச்சு."

மறுபடி இளநீர். போன மாதத்தைவிட இன்னும் பெரிய மனிதனாக்கி பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அவமானப்படப் போய் மரியாதையோடு திரும்புவது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தெரியாது.

பாக்கியம் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தாள். "சொன்னீங்களா?" "சொன்னேன்." "பின்னே?" "கும்பிட்டாங்க."

11-10

ஷிப்ட் முடிந்து கேட் பக்கத்து டீக்கடையில் கொளஞ்சிக்காகக் காத்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ராமலிங்கம் நம்பாததையும். டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கொளஞ்சி கேட்டார். டீ ஆறிப்போயிற்று.

"அன்னிக்கே சொன்னேங்களே சார். தண்ணியா கீது, பல்லு தாங்குமான்னு கேட்டேன். லாரி கியர் பாக்ஸுக்கு நானே ஊத்தியிருக்கேன், கையில ஒட்டும். இது ஒட்டலை. ஊளை வுட ஆரம்பிச்சப்பவும் மொதலாளிகிட்ட சொன்னேன். சாரு சரியாப்பூடும்னு சொல்லி அனுப்பிட்டாருன்னாரு."

"ஆமா."

"எங்கிட்ட வந்து சொல்றீங்க. நல்லதுங்க. ஆனா எனக்குத்தான் இது தெரியுமே."

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"களத்துல வச்சு சொன்னாங்க சார். எம் பொண்டாட்டி களை எடுத்துட்டு அந்தப் பக்கமா வந்துகினு இருந்தா. பாத்துகினே நின்னா. சொல்றதா இருந்தா களத்துல சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டில் 11-9 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'கொளஞ்சிக்கு ஏதோ சந்தேகம்' என்று எழுதியிருக்கிறேன். அவர் கேட்ட கேள்வியை எழுதவில்லை. பாகு என்று கேலி இருக்கிறது. கோழிக்குழம்பு இருக்கிறது. அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். பிறகு அப்படியே விட்டேன்.

13-10

ராமலிங்கத்துக்குக் கார்டு போட நேரமில்லை, வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பஸ் கண்டக்டரிடம் கேட்டு அனுப்பினேன். பதில் வந்தது: சாமான் வந்துவிட்டது, மெக்கானிக் மாட்டிக்கொண்டிருக்கிறான், சனிக்கிழமை ஆயுத பூஜை அன்றே வண்டிக்குப் பூஜை போட்டுக் கிளப்புவதாக இருக்கிறார்கள், சார்தான் வந்து எண்ணெய் ஊற்ற வேண்டும்.

சார்தான் வந்து.

புத்தகத்தில் போட்டிருந்த எண்ணெயை முன்பே கடலூரில் சொல்லி வரவழைத்திருந்தேன். டின் மேலிருந்த எழுத்தையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். பாக்கியத்தையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். கிண்டல் செய்யவில்லை.

கேட்டில் கொளஞ்சியைப் பார்த்து விஷயம் சொன்னேன். "ரெண்டு மணி ஷிப்ட்டுங்க அன்னிக்கு. பாக்கறேன்" என்றார்.

15-10, ஆயுத பூஜை

செக்ஷன் பூஜை எட்டுக்கே முடிந்தது. ஸ்பேனர், ஜாக்கி, பிரஷர் கேஜ் எல்லாவற்றுக்கும் பொட்டு. பொரி, சுண்டல் பொட்டலம். அதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு பஸ். டின்களை மேலே ஏற்றினேன்.

களம் முழுக்க ஜனம். வண்டிக்குச் சந்தனம், மாலை, வாழைக்கன்று. ஒரு மணையில் அந்தப் புத்தகத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் கொண்டுபோன புத்தகத்தை ராமலிங்கத்தின் மனைவி வாங்கிப் பழையபடி மஞ்சள் துணியில் சுற்றப் போனார். கொஞ்சம் இருங்கள் என்றேன். கூட்டத்தின் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி கொளஞ்சி. சற்றுத் தள்ளிப் பெண்களோடு அவர் மனைவி.

மேடைப் பேச்சு எனக்கு வராது. மைன்ஸ் யூனியன் கூட்டத்தில்கூட வாய் திறந்ததில்லை. பினியனைக் கோணியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம்.

"இது உடைஞ்சது கொளஞ்சியால இல்லை. நான் ஊத்தின எண்ணெயால. இந்த வண்டிக்கு என்ன எண்ணெய்னு இந்தப் புக்குல எழுதியிருக்கு. அன்னைக்கு எடுத்துத் தரேன்னாங்க. எனக்கெதுக்கு புக்குன்னு இருந்துட்டேன். கொளஞ்சி தொட்டுப் பார்த்துட்டு இது சரியில்லைன்னு கேட்டார். நீங்க எல்லாம் இருந்தீங்க. நான் சிரிச்சேன். அவர் கேட்டதுதான் சரி. அவருக்கு வந்த பேரு எனக்கு வர வேண்டியது."

 மேளக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். பினியனை ஒருவர் வாங்கிப் பார்த்து அடுத்தவரிடம் கொடுத்தார். அது கை மாறிக்கொண்டே போயிற்று. கடைசி வரிசையில் நின்ற ஒரு பெரியவர், நிலம் கொடுத்தவர்தான், மெதுவாகக் கேட்டார்:

"அப்ப மைன்ஸ்காரங்களுக்கும் தப்பு வருமா?"

"வரும்ங்க" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார். 

பினியன் கடைசியில் ராமலிங்கம் கைக்கு வந்தது. போன ஞாயிறு நம்பாதவர் இப்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு சொன்னார்: "புக்கு ரெண்டு வருசமா எங்க வூட்லதான் இருந்துது. பூப் போட்டேன், தொறக்கல. அவன் சொன்னப்பவும் கேக்கல." கூட்டத்தின் ஓரம் திரும்பினார்.  "கொளஞ்சி. வாப்பா. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நீ வச்சாத்தான்."

கொளஞ்சி சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு வந்தார். பழத்தை வாங்கவில்லை. நேரே டின்களிடம் வந்தார்.

மூடியைத் திறந்தேன். "பாருங்க" என்றேன்.

விரலைத் துண்டில் துடைத்துவிட்டு உள்ளே விட்டார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். முகர்ந்தார். விரல்களை மெல்லப் பிரித்துப் பார்த்தார், திரும்பவும் தேய்த்தார். அவசரமே படவில்லை. என் இருபத்தொரு வருஷ சர்வீஸில் நான் ஊற்றும் எண்ணெயை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. புனலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஊத்துங்க."

கடைசி டின் வடியும் வரை பக்கத்திலேயே இருந்தார். ராமலிங்கம் சாவியை நீட்டினார். வாங்கி, ஏறி, கிளப்பினார். கலப்பையைத் தூக்கி இறக்கினார். களத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார், ஒவ்வொரு கியராக, தலையைச் சாய்த்துப் பின்பக்கச் சத்தத்தைக் கேட்டபடி. அவர் மனைவி இருந்த இடம் வந்ததும் வண்டி கொஞ்சம் மெதுவாயிற்று. ஊளை இல்லை.

வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கினார். சாவியை சீட்டின்மேல் வைத்தார்.

"நாளைக்கு விடியலயே வந்துடு" என்றார் ராமலிங்கம்.

"இப்ப மைன்ஸ்லதாங்க வேலை. ரெண்டு மணி ஷிப்ட்டு" என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சி சைக்கிளை எடுத்தார்.